அழிப்பு ஆணையில் ஒப்பமிடும் முன்: பழைய மாதிரிகளைக் காப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நோயியல் துறைத் தலைவர்களுக்கும், சீரம் சேமிப்பகங்களின் பொறுப்பாளர்களுக்கும், மருத்துவ மாதிரிகளை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று விதி வகுப்போருக்கும்,

வணக்கம்.

உங்கள் துறைகளின் பின்னறை அலமாரிகளில் அடுக்கப்பட்டிருக்கும் பழைய பாரஃபின் கட்டிகளையும் (நோயாளிகளின் திசுவைப் பதித்துவைத்த மெழுகுத் துண்டுகள்), உறைபெட்டிகளின் அடித்தட்டில் கிடக்கும் சீரக் குப்பிகளையும் (சீரம் என்பது இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி), வைப்புக் காலம் முடிந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக அழித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். இடநெருக்கடியும் மின்செலவும் பொறுப்பேற்க ஆளில்லாமையும் உண்மையான சிக்கல்கள் என்பதை அறிவேன். பல ஆண்டுகள் திசு வெட்டும் மேசையில் வேலை பார்த்தவன் என்ற முறையில், ஓர் அலமாரி காலியானால் துறைக்கு எவ்வளவு நிம்மதி என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும், எச்.ஐ.வி. எந்த விலங்கிலிருந்து, எந்தக் காலத்தில், எந்த வழியாக மனிதரிடம் வந்து உலகெங்கும் பரவியது என்று இன்று நாம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி, யாரோ ஒருவர் தூக்கியெறியாமல் விட்டுவைத்த பொருள்களிலிருந்துதான் கிடைத்தது. என் வேண்டுகோளுக்கு அதைவிட வலுவான சான்று என்னிடம் இல்லை.

எச்.ஐ.வி.யால் வரும் எய்ட்ஸ் நோய் மருத்துவ உலகின் பார்வைக்கு வந்த நாள் 1981 ஜூன் 5. லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து ஆண்களுக்கு அரிதானதொரு நுரையீரல் அழற்சி ஏற்பட்டிருப்பதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கை அன்று தெரிவித்தது. 1983இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபிரான்சுவாஸ் பாரே-சினூசி, லுக் மொந்தாஞியே ஆகியோர் அடங்கிய குழு வைரஸைப் பிரித்தெடுத்தது. கண்டறியப்பட்ட ஆண்டையே தோன்றிய ஆண்டாகக் கருதிக்கொள்ளும் போக்கு அப்போது பரவலாக இருந்தது. பெயர் சூட்டிய நாளைப் பிள்ளை பிறந்த நாளாகக் கொள்வதைப் போன்ற பிழை அது. அப்பிழையைத் திருத்த 1981க்கு முந்தைய உடல்திரவமோ திசுவோ தேவைப்பட்டது. எச்.ஐ.வி. என்ற பெயரே இல்லாத காலத்தில் எவரும் அதற்கென்று மாதிரி சேகரித்திருக்க முடியாது. ஆகவே வேறு காரணத்துக்காகச் சேகரிக்கப்பட்டு, காரணம் முடிந்த பின்னும் எஞ்சியிருந்தவற்றையே தேட வேண்டியிருந்தது.

1980களின் நடுப்பகுதியில் முதல் தேடல் நடந்தது. 1959 முதல் 1982 வரை ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் எடுக்கப்பட்டுச் சேமிப்பில் இருந்த 1,200க்கும் மேற்பட்ட பிளாஸ்மா மாதிரிகள் சோதிக்கப்பட்டன. எல்லா வகைச் சோதனைகளிலும் ஐயமின்றி உறுதியானது ஒன்றே ஒன்று: 1959இல் லியோபோல்டுவில் நகரில், அதாவது இன்றைய கின்ஷாசாவில், வயது வந்த ஓர் ஆணிடம் எடுத்த இரத்தம். மனித மரபியல் ஆய்வொன்றுக்காக எடுக்கப்பட்ட அந்த மாதிரியிலிருந்து வைரஸின் மரபணுத் துணுக்குகள் 1998இல்தான் வாசிக்கப்பட்டன. ஏறத்தாழ 40 ஆண்டுகள் அந்தக் குப்பி எத்தனை உறைபெட்டி மாற்றங்களைக் கடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஒவ்வொரு மாற்றத்தின் போதும், 'இது இனி எதற்கு?' என்று ஒருவர் கேட்டிருக்கக்கூடும்.

ஆனால் ஒற்றைப் புள்ளியைக் கொண்டு கோடு போட முடியாது. இரண்டாவது புள்ளி கின்ஷாசா பல்கலைக்கழகத்தின் பழைய பாரஃபின் கட்டிகளிலிருந்து கிடைத்தது. மைக்கேல் வொரோபி தலைமையிலான குழு, காங்கோவின் வைரஸ் அறிஞர் ஜான்-ஜாக் முயெம்பே உள்ளிட்டோரின் துணையுடன், 1958க்கும் 1960க்கும் இடையே எடுக்கப்பட்ட 27 கட்டிகளை ஆராய்ந்தது. நிணநீர்க் கணு, கல்லீரல், நஞ்சுக்கொடி ஆகிய திசுக்கள் அவற்றில் இருந்தன. அவற்றுள் 1960இல் ஒரு பெண்ணிடமிருந்து பயாப்சியாக எடுக்கப்பட்ட நிணநீர்க் கணுவில் வைரஸின் ஆர்.என்.ஏ. கிடைத்தது. அமிலம் கலந்த நிலைப்படுத்தியில் ஊறி, உருகிய மெழுகில் அமிழ்ந்து, வெப்பமண்டலக் காற்றில் அரை நூற்றாண்டு இருந்த திசுவில் ஆர்.என்.ஏ. எப்படி எஞ்சும் என்று நாம் எல்லோரும் கேட்போம். முழு நீளத்தில் எஞ்சவில்லை. சிறு சிறு துண்டுகளாக எஞ்சியிருந்தது. அத்துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு பெருக்கி, ஒட்டுப்போட்டு வாசித்தார்கள். முடிவு 2008இல் வெளிவந்தது.

அந்த இரண்டாவது புள்ளி சொன்னது இதுதான். 1959ஆம் ஆண்டின் வைரஸ், எச்.ஐ.வி.யின் கிளைகளுள் ஒன்றான 'டி' துணைவகைக்கு நெருக்கமானது. 1960ஆம் ஆண்டின் வைரஸ் 'ஏ' துணைவகைக்கு நெருக்கமானது. ஒரே நகரில், ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு மாதிரிகள் இவ்வளவு விலகி நின்றன என்றால், அவற்றின் பொது மூதாதை அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். எச்.ஐ.வி. தன்னைப் படியெடுக்கும் போது பிழைகள் மிகுதியாக நேர்கின்றன. அப்பிழைகள் ஓரளவு சீரான வேகத்தில் சேர்கின்றன. எடுத்த ஆண்டு உறுதியாகத் தெரிந்த மாதிரிகள் கையில் இருந்தால், பிழைகளை எண்ணி மூதாதையின் காலத்தைப் பின்னோக்கிக் கணக்கிடலாம். மூலக்கூறுக் கடிகாரம் என்று வழங்கும் இம்முறை அன்று காட்டிய ஆண்டு 1908. பிழை எல்லை 1884 முதல் 1924 வரை. 1980களின் மாதிரிகளையே பெரிதும் நம்பி 2000இல் செய்யப்பட்ட கணிப்பு 1931 என்று சொல்லியிருந்தது.

கடிகாரத்தை நம்பாதவர்களும் இருந்தார்கள். அந்த ஐயம் முறையானதே. அண்மைக்கால வைரஸ்களின் மரபணு வரிசைகளிலிருந்து நூறாண்டு பின்னோக்கிப் போகும் கணக்கில் சறுக்கல் இருந்தால் எப்படித் தெரியும்? விடை மறுபடியும் மெழுகிலிருந்தே வந்தது. 1958 முதல் 1966 வரை மத்திய ஆப்பிரிக்காவில் நோயறிதலுக்காக எடுக்கப்பட்ட 1,600க்கும் மேற்பட்ட திசுக் கட்டிகளைச் சல்லடை போட்டுத் தேடியதில், கின்ஷாசாவில் 1966இல் எடுத்த ஒன்றே ஒன்றில் ஏறக்குறைய முழு மரபணுத்தொகுதியும் கிடைத்தது. கடிகாரம் சரியாக ஓடியிருந்தால் 1966இல் வைரஸ் எவ்வளவு மாறியிருக்க வேண்டுமோ, அவ்வளவே மாறியிருந்தது. 2020இல் வெளியான அந்த ஆய்வு, பெருந்தொற்று வைரஸின் தொடக்கத்தை 1881க்கும் 1918க்கும் இடையே வைத்தது. ஆயிரத்து அறுநூறில் ஒன்று. அந்தத் தொகுப்பில் பாதியை ஒரு நிர்வாகி இடத்துக்காகக் கழித்திருந்தால், அந்த ஒன்று எந்தப் பாதியில் இருந்திருக்கும்?

விலங்குப் பக்கத்துக் கதையிலும் உறைபெட்டிக்குப் பங்கு உண்டு. ஆப்பிரிக்கக் காட்டில் பிடிபட்டு அமெரிக்காவில் வளர்ந்த மர்லின் என்ற பெண் சிம்பன்சி 1985இல் இறந்தது. அதன் திசுக்கள் உறைநிலையில் வைக்கப்பட்டிருந்தன. பியாட்ரிஸ் ஹான் குழுவினர் அவற்றிலிருந்து வாசித்த வைரஸ், மத்திய ஆப்பிரிக்கச் சிம்பன்சித் துணையினத்தையே உலகெங்கும் பரவிய வகையான எச்.ஐ.வி.-1க்கு மூலமாகக் காட்டியது. இது 1999இல் வெளியானது. அதன் பிறகே காட்டுச் சிம்பன்சிகளைத் தொடாமல், துன்புறுத்தாமல், அவற்றின் சாணத்தை மட்டும் சேகரித்து ஆராயும் முறை முழுவீச்சில் இறங்கியது. தெற்குக் கேமரூனின் காடுகளிலிருந்து நூற்றுக்கணக்கில் வந்த சாண மாதிரிகளில், எச்.ஐ.வி.-1இன் நான்கு பிரிவுகளுள் பெருந்தொற்றுக்குக் காரணமான 'எம்' பிரிவின் மிக நெருங்கிய உறவு நாட்டின் தென்கிழக்கு மூலையில் வாழும் சிம்பன்சிகளிடம் கிடைத்தது. 'என்' பிரிவும் கேமரூன் சிம்பன்சிகளிடமிருந்தே வந்தது. 'ஓ' பிரிவும், 2009இல் அறியப்பட்ட நான்காவது பிரிவும் கொரில்லாக்களோடு உறவு கொண்டவை. மேற்கு ஆப்பிரிக்காவில் பரவிய எச்.ஐ.வி.-2 முற்றிலும் வேறு வழியில், சூட்டி மாங்கபே என்னும் குரங்கிலிருந்து வந்தது. அதாவது, இந்த வைரஸ் மனிதரிடம் தாவியது ஒருமுறை அன்று, தனித்தனியாகப் பலமுறை. வேட்டையிலும் இறைச்சி அறுக்கும் போதும் குருதி கலந்ததே அதற்கு மிகவும் பொருந்தும் விளக்கம். அக்காடுகளில் மனிதர் வேட்டையாடி வந்தது நெடுங்காலமாக.

அப்படியானால் 'எம்' பிரிவு மட்டும் உலகை வளைத்தது ஏன்? ஒரு பகுதி விடை உயிரியலில் இருக்கிறது. புதிதாய்ப் பிறக்கும் வைரஸ் துகள்களைச் செல்லின் மேற்பரப்பிலேயே கட்டிப்போடும் டெதரின் என்னும் புரதம் நம் உடலில் உண்டு. சிம்பன்சி வைரஸ் தான் குடியிருக்கும் சிம்பன்சியின் டெதரினை முறியடிக்கப் பயன்படுத்திய கருவி மனித டெதரினிடம் பலிக்காது. 'எம்' பிரிவில் விபியு என்னும் வேறொரு புரதம் அந்த வேலையைக் கற்றுக்கொண்டது. 'ஓ' பிரிவின் விபியு அதை நன்றாகக் கற்கவில்லை. மறுபகுதி விடை புவியியலில் இருக்கிறது. தென்கிழக்குக் கேமரூனின் ஆறுகள் சங்கா ஆற்றில் சேர்கின்றன. சங்கா காங்கோ ஆற்றில் கலக்கிறது. அந்த ஆற்றின் கரையில் கின்ஷாசா இருக்கிறது. யானைத் தந்தத்தையும் ரப்பரையும் படகில் ஏற்றி அனுப்பிய காலனியக் காலத்தில், நோய்த்தொற்று உடைய ஒருவர் அதே வழியாக வந்து சேர்ந்திருப்பது எளிது. மெதுவாகப் புகைந்திருக்கக்கூடிய நெருப்பு வேகமாய் வளரும் ஒரு நகரத்தை அடைந்தது.

2014இல் நுனோ ஃபரியா குழுவினர் காங்கோப் படுகையிலிருந்து கிடைத்த வரிசைகளைக் கொண்டு வரைந்த பரவல் படம், 'எம்' பிரிவின் பெருக்கம் 1920ஆம் ஆண்டையொட்டிக் கின்ஷாசாவில் தொடங்கியதைக் காட்டியது. அங்கிருந்து ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள பிராசவில்லுக்கும், தெற்கே சுரங்கப் பகுதிகளான லுபும்பாஷிக்கும் முபுஜி-மயிக்கும் 1930களின் பிற்பகுதியில் போய்ச் சேர்ந்தது. வழி, பெல்ஜியக் காலனி அரசு அமைத்த ரயில் பாதை. 1940களின் இறுதியில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கின்ஷாசா வழியே ரயிலில் பயணம் செய்தனர். நகரில் ஆண்கள் மிகுந்து பெண்கள் குறைந்திருந்த தொழிலாளர் குடியிருப்புகள், அதன் பின்விளைவான பாலியல் தொழில், உறக்க நோய் போன்றவற்றை ஒழிக்க நடந்த பெரும் ஊசி இயக்கங்களில் சரியாகச் சுத்திகரிக்காமல் பலருக்குப் பயன்பட்ட ஊசிகள் ஆகியவை எல்லாம் இதில் பங்காற்றியதாகச் சொல்லப்படுகிறது. ஊசியின் பங்கை ஜாக் பெப்பான் என்னும் ஆய்வாளர் வலியுறுத்துகிறார். அதற்கு அவர் காட்டும் சான்றுகளில் ஒன்று, அந்த இயக்கங்களின் காலத்தில் வாழ்ந்த முதியோரிடம் காணப்படும் ஹெபடைடிஸ் சி தொற்று. இவற்றுள் எது முதன்மை என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1920களின் கட்டி ஒன்று எங்கேனும் இருந்து பேசுமானால் அந்த விவாதம் வேறு தளத்துக்கு நகரும் என்பதே என் கருத்து. தெற்கே சென்ற கிளைகளுள் 'சி' துணைவகை தென் ஆப்பிரிக்காவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவின் பகுதிகளிலும் இந்தியாவிலும் வேரூன்றி, இன்று உலகத் தொற்றுகளில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணமாக இருக்கிறது.

மேற்கே சென்றது 'பி' துணைவகை. இங்கே மாதிரிகளைக் காப்பதன் பயன் அறிவோடு நிற்காமல் நீதியையும் தொடுகிறது. காங்கோ 1960இல் விடுதலை பெற்றபோது, வெளியேறிய பெல்ஜியர்களின் இடத்தை நிரப்ப ஹைட்டி நாட்டு ஆசிரியர்களும் மருத்துவர்களும் பிறரும் அங்கு வேலைக்குச் சென்று திரும்பினர். 1980களின் தொடக்கத்தில் மயாமியில் சிகிச்சை பெற்ற ஹைட்டிய நோயாளிகள் ஐவரின் சேமிப்பு மாதிரிகளை 2007இல் ஆராய்ந்தபோது, வைரஸ் 1966ஆம் ஆண்டையொட்டி ஹைட்டியை அடைந்து, சில ஆண்டுகளில் அங்கிருந்து அமெரிக்காவுக்குச் சென்றது தெரியவந்தது. இந்த முடிவைக் குற்றச்சாட்டாகப் படிப்போர் உண்டு. ஹைட்டியர் என்பதாலேயே ஒருவர் ஆபத்தானவர் என்று அமெரிக்கா முத்திரை குத்தியதும், 1990இல் அந்நாட்டவர் எவரும் இரத்தம் கொடுக்கக் கூடாது என்று விதித்ததும், நியூயார்க்கில் எழுந்த பெருந்திரள் எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டில் அவ்விதி கைவிடப்பட்டதும் வரலாறு. வைரஸின் பயணப் பாதை பழி சுமத்துவதற்கான ஆவணம் அன்று. அந்தப் பாதையைத் துல்லியமாக வரைவதால் பழி பெரும்பாலும் கரைகிறது. மங்கலாக விட்டுவைத்தால்தான் தேவைப்பட்டவர் மேல் ஏற்ற முடிகிறது.

இதற்குச் சான்று வேண்டுமெனில், நியூயார்க்கிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் 1978, 1979ஆம் ஆண்டுகளில் ஹெபடைடிஸ் பி ஆய்வுக்காக எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சீர மாதிரிகளைக் காட்டுவேன். அவற்றிலிருந்து மீட்டெடுத்த எட்டு மரபணுத்தொகுதிகள் 2016இல் வெளியாயின. வைரஸ் கரீபியப் பகுதியிலிருந்து 1970ஐ ஒட்டி நியூயார்க்கை அடைந்து அங்கே பன்மடங்காகி, சில ஆண்டுகள் கழித்துச் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குச் சென்றதை அவை காட்டின. கனடாவைச் சேர்ந்த விமானப் பணியாளர் ஒருவர் அதுவரை முப்பது ஆண்டுகளாக அமெரிக்காவுக்கு நோயைக் கொண்டுவந்தவர் என்று தூற்றப்பட்டிருந்தார். அவரது வைரஸ் கிளைமரத்தின் வேரில் இல்லை. அன்று ஏற்கெனவே பரவியிருந்த கிளைகளின் நடுவே சாதாரணமாக ஓரிடத்தில் இருந்தது. 'பூஜ்ய நோயாளி' என்ற பட்டமும் வாசிப்புப் பிழையே. கலிஃபோர்னியாவுக்கு வெளியிலிருந்து வந்தவர் என்று குறிக்க அவரது கோப்பில் எழுதப்பட்ட ஆங்கில எழுத்து 'ஓ', சுழியமாகப் படிக்கப்பட்டுவிட்டது. 1984இலேயே இறந்துபோன மனிதர் அவர். ஹெபடைடிஸுக்காக யாரோ சேர்த்துவைத்த சீரம் அவருக்காகச் சாட்சி சொல்ல இத்தனை காலம் ஆயிற்று.

வாய்வழிப் போலியோ தடுப்பு மருந்திலிருந்து எச்.ஐ.வி. வந்தது என்ற வாதமும் இப்படித்தான் முடிவுக்கு வந்தது. 1950களின் இறுதியில் காங்கோவில் கொடுக்கப்பட்ட மருந்து சிம்பன்சிச் செல்களில் வளர்க்கப்பட்டது என்பது அந்த வாதம். அமெரிக்காவின் விஸ்டார் ஆய்வு நிறுவனத்தில் சேமிப்பில் இருந்த அம்மருந்தின் எச்சங்களைச் சோதித்தபோது சிம்பன்சியின் டி.என்.ஏ.வும் இல்லை, சிம்பன்சி வைரஸும் இல்லை. அது மக்காக் குரங்கின் செல்களில் தயாரானது என்பது உறுதியாயிற்று. குப்பிகள் கொட்டப்பட்டிருந்தால் இந்த ஐயம் தடுப்பூசி முகாம்களைத் துரத்திக்கொண்டே இருந்திருக்கும். எச்.ஐ.வி. அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் செய்யப்பட்டது என்று 1980களில் சோவியத் உளவுத்துறை பரப்பிய கதை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1959ஆம் ஆண்டின் அந்த ஒரு குப்பியே அதற்குப் போதும்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். கட்டியில் இருப்பது ஒரு மனிதரின் உடற்பகுதி. அவர் சிகிச்சைக்கு வந்தவர், ஆராய்ச்சிக்கு இசைவு தந்தவர் அல்லர். இது மறுக்க முடியாத கூற்று. ஆகவே பெயரும் முகவரியும் தனியே பிரித்துப் பூட்டப்பட வேண்டும்; ஆண்டு, ஊர், உறுப்பு, வயது, பாலினம் ஆகியவை மட்டும் மாதிரியுடன் இருந்தால் ஆய்வுக்குப் போதும். ஒவ்வோர் ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவை. இன்னொன்று உரிமை பற்றியது. ஆப்பிரிக்க நோயாளிகளின் திசுவும் இரத்தமும் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வகங்களில் வாசிக்கப்பட்டன. புகழும் பெரும்பாலும் அங்கேயே தங்கியது. இது எனக்கு உவப்பானதன்று. மாதிரி எந்த நாட்டினுடையதோ அந்த நாட்டின் ஆய்வகத்திலேயே வாசிக்கப்படும் நிலை வர வேண்டும். ஆனால் அந்நிலை வருமுன் மாதிரியையே அழித்துவிட்டால், வாசிக்கும் உரிமை யாரிடம் இருந்தென்ன?

எல்லாவற்றையும் என்றென்றும் வைத்திருக்கச் சொல்லவில்லை. உறைபெட்டிக்குப் பணம் வேண்டும். மெழுகுக் கட்டிக்கு உலர்ந்த, வெயில் படாத ஓர் அறை போதும். பழைய ஆண்டுகளின் கட்டிகளில் நிணநீர்க் கணு, மண்ணீரல், பிணக்கூறாய்வுத் திசு ஆகியவற்றுக்கேனும் முன்னுரிமை தாருங்கள். உங்களால் வைத்திருக்க இயலாவிடில், அழிக்கும் முன் பல்கலைக்கழகங்களுக்கும் பிற சேமிப்பகங்களுக்கும் அறிவிப்புக் கொடுத்து, எடுத்துக்கொள்வார் உண்டா என்று கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். கட்டியின் மேல் எண் மட்டுமே இருக்கும். அது எந்த ஆண்டு, யாருடையது, எந்த உறுப்பு என்பதைச் சொல்வது பதிவேடு. ஆண்டு தெரியாத திசுவில் வைரஸ் கிடைத்தாலும் அதைக் கொண்டு கடிகாரத்தைச் சரிபார்க்க முடியாது. நான் முன்பு பணியாற்றிய ஓர் ஆய்வகத்தில், இடம் மாறும் வேளையில் கட்டிகளை மிகுந்த அக்கறையோடு பெட்டிகளில் அடுக்கி எடுத்துச் சென்றார்கள். பதிவேடுகளோ கரையான் அரித்த பழைய காகிதம் என்று எடைக்குப் போடப்பட்டன. பல ஆயிரம் கட்டிகள் அங்கே இன்றும் இருக்கின்றன, வெறும் எண்களாக. அடுத்த முறை உங்கள் துறையில் அலமாரிகள் நகரும்போது, பதிவேடும் கட்டியும் ஒரே அறைக்குப் போய்ச் சேர்கின்றனவா என்பதை நேரில் நின்று பார்க்குமாறு வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற திசுவியல் ஆய்வகப் பணியாளர் ஒருவர்